ஆதி மனிசரை மேடையில எப்பிடித் தொடர்பு கொள்ள விடுறது: கையா, குரலா, பாட்டா, எல்லாம் கலந்தா?

பள்ளிக்கூட நாடகம் பழக்கிற ஆக்களிட்ட இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஆதி மனிசரைப் பற்றி ஒரு நாடகம் போடப்போறம், அவைக்குப் பேச்சு இல்லை, அப்ப மேடையில அவை ஒருத்தரோட ஒருத்தர் எப்பிடித் தொடர்பு கொள்ளுறது எண்டு. ஒரு ரீச்சர் சொல்லுறா கையால காட்டினாப் போதும் எண்டு, அதே பள்ளிக்கூடத்துச் சேர் சொல்லுறார் இல்லையில்லை குரங்கு மாதிரிச் சத்தம் போடவேணும் எண்டு, ஏ.எல். இல நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளையள் தாளமும் பாட்டும்தான் எண்டு நிக்கினம், கடைசியில ஒண்டும் முடிவெடுக்காமல் எல்லாரும் ஊ ஆ எண்டு கத்திக்கொண்டு தடியால அடிபடுற காட்சியா அது போய் முடியுது. எனக்கு அதுதான் மனவருத்தம். சென்னைக்குப் பக்கத்தில அத்திரம்பாக்கத்தில 15 லட்சம் வருசத்துக்கு முதல் கல்லை ரெண்டு பக்கமும் செதுக்கிக் கைக்கோடரி செய்த ஆக்கள் இருந்திருக்கினம். அந்த வேலையைப் பிள்ளைக்குப் பழக்கிக் குடுத்த சனத்தை மேடையில ஒண்டும் தெரியாத கூட்டமாக் காட்டுறது சரியே இல்லை.

அதால நாலு தெரிவையும் பக்கத்தில பக்கத்தில வச்சு எழுதுறன். நாடகக்காரருக்குத்தான் முதல் இடம். விவாதப் போட்டிக்கு ஒரு பக்கம் எடுக்கவேண்டியவைக்கும், விஞ்ஞானக் கண்காட்சியில மேசை போடப்போறவைக்கும் கடைசியில தனியாச் சொல்லியிருக்கிறன்.

எதை வச்சு அளக்கிறது

சத்தம் எலும்பில தங்காது, கையசைவு கல்லில பதியாது. 1866 இல பாரிஸ் மொழியியல் சங்கம், மொழி எப்பிடித் தோன்றினது எண்டு எழுதுற கட்டுரை ஒண்டையும் ஏற்கமாட்டம் எண்டு தன்ர விதியிலயே போட்டுது, ஏனெண்டா அந்தக் காலத்தில அவரவர் நினைச்சதை எழுதிக்கொண்டிருந்தவை, சரியா பிழையா எண்டு பாக்க ஒரு வழியும் இல்லை. இப்ப நிலைமை வேற. காட்டில போயிருந்து குரங்குகளை வருசக்கணக்காப் பாத்தவை இருக்கினம், காது கேளாத பிள்ளையள் தாங்களா ஒரு மொழியை உண்டாக்கினதைக் கிட்டவிருந்து பாத்தவை இருக்கினம், ஆக்களைக் கூப்பிட்டுக் கல்லுடைக்கப் பழக்கிப் பாத்தவையும் இருக்கினம். அந்த மாதிரி ஆதாரம் எவ்வளவு கிடக்கு எண்டதுதான் என்ர முதல் அளவுகோல்.

ரெண்டாவது, அது காட்டு வாழ்க்கைக்குத் தாங்குமா எண்டது. இருட்டில, பத்தைக்குப் பின்னால, கையில பிள்ளையும் தோளில இறைச்சியும் இருக்கேக்க அது வேலை செய்யவேணும். மூண்டாவது, கண்ணுக்கு முன்னால இல்லாததைச் சொல்ல ஏலுமா: நேற்றுக் கண்ட மான், மலைக்கு அங்கால இருக்கிற தண்ணி. நாலாவது, அதிலயிருந்து இண்டைக்கு நாங்கள் கதைக்கிற கதைக்கு வந்து சேர ஒரு பாதை இருக்கா. அஞ்சாவது முழுக்க முழுக்க மேடைக் கணக்கு, எத்தினை நாள் ஒத்திகை வேணும், கடைசி வரிசையில இருக்கிற அம்மாவுக்கு விளங்குமா, பிள்ளையளின்ர தொண்டை தாங்குமா.

தெரிவு 1: கை

மொழி கையசைவில இருந்து தொடங்கினது எண்டது பழைய யோசனை. பிரெஞ்சுக்காரர் கொண்டியாக் 1746 இலயே எழுதிப்போட்டார், 1973 இல கோர்டன் ஹியூஸ் எண்ட மானிடவியலாளர் குரங்கு ஆராய்ச்சியளை வச்சுத் திரும்ப எழுப்பினார். ஆதாரக் கணக்கில நாலு தெரிவிலயும் இதுதான் எனக்குப் பாரமாத் தெரியுது.

சிம்பன்சிகளை எடுங்கோ. உகண்டாவில புடொங்கோ காட்டில கதரின் ஹோபெய்ற்றரும் ரிச்சர்ட் பேர்னும் பாத்து 2014 இல எழுதினவை, அதுகள் 36 சைகையால 19 விசயம் சொல்லுதாம். தாய் ஒண்டு வெளிக்கிடப்போகுது, குட்டி அழுதுகொண்டு நிக்குது, தாய் தன்ர உள்ளங்காலைக் குட்டிக்குத் திருப்பிக் காட்டுது, அவ்வளவுதான், குட்டி வந்து முதுகில ஏறுது. ஆண் ஒண்டு இலையை வாயால மெல்லிசாக் கிழிச்சுக்கொண்டு இருந்தா அது பெண்ணுக்குக் குடுக்கிற சேதி. முக்கியமான விசயம் என்னெண்டா அதுகள் சைகை காட்டிப்போட்டு மற்றதின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும், பதில் வராட்டி திரும்பக் காட்டும். தானா வாற அசைவெண்டா அப்பிடி நிண்டு பாக்கத் தேவையில்லை, சொல்லவேணும் எண்டே சொல்லுது.

எங்கட சின்னாக்களிலயும் இது கிடக்கு. ஒண்டு ரெண்டு வயசுப் பிள்ளையளைப் பாத்த 2018 ஆய்வு 52 சைகை கண்டுபிடிச்சது, அதில 46 சிம்பன்சியிலயும் இருக்கிறது. பிறகு 2023 இல பெரியாக்களுக்குச் சிம்பன்சி, பொனொபோ (சிம்பன்சிக்குக் கிட்டின சொந்தமான இன்னொரு குரங்கு) வீடியோக்களைக் காட்டி என்ன கேக்குது எண்டு நாலு விடையில ஒண்டைத் தெரியச் சொன்னா, அரைவாசிக்கு மேல சரியாச் சொல்லியிருக்கினம். குருட்டுவாக்கில சொன்னாக் கால்வாசிதான் சரிவரும்.

வாயையும் கையையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்த கதையும் இருக்கு. 1940களின்ர கடைசியில அமெரிக்காவில ஒரு சோடி விக்கி எண்ட சிம்பன்சியை வீட்டுப் பிள்ளையா வளத்து, வாயைப் பிடிச்சுப் பிடிச்சுப் பேசப் பழக்கியும் நாலு சொல்லுக்கு மேல வரேல்லை. 1966 இல தொடங்கி இன்னொரு சோடி வாஷோ எண்ட சிம்பன்சிக்குக் கையாலயே பழக்கிச்சினம், அது கிட்டத்தட்ட 130 சைகை பழகினது.

ஆனா இந்தப் பக்கத்துக்கு உயிர் குடுக்கிறது நிக்கராகுவாக் கதைதான், இதில கொஞ்சம் நிக்கவேணும். 1970களின்ர நடுப்பகுதி வரை அந்த நாட்டில காது கேளாத பிள்ளையள் அநேகமா வீட்டோடயே இருந்தவை, அவரவர் வீட்டுக்குள்ள அம்மா அப்பாவோட விளங்கிற அளவுக்கு நாலு சைகை, வேற ஒண்டும் இல்லை. 1977 இல மனாகுவாவில அவைக்கெண்டு பள்ளிக்கூடம் வந்தது, ரீச்சர்மார் உதட்டைப் பாத்து ஸ்பானிஷ் பழகச் சொல்லிக்கொண்டு நிண்டவை, அது சரிவரேல்லை, ஆனா விளையாட்டு முற்றத்திலயும் பஸ்ஸிலயும் பிள்ளையள் தங்களுக்குள்ள ஒரு சைகை மொழியை உண்டாக்கிப்போட்டினம். ஒருத்தரும் படிப்பிச்சதில்லை. பிறகு ஆராய்ச்சிக்காரர் ஒரு கார்ட்டூனைக் காட்டி அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டவை: பந்தை விழுங்கின பூனை ஒண்டு சரிவு ரோட்டால உருண்டு போகுது. முதல் வந்த கூட்டம், இப்ப வளந்தாக்கள், கையை உருட்டி உருட்டியே கீழ கொண்டு போய்க் காட்டிச்சினம், நடந்ததை அப்பிடியே நடிச்ச மாதிரி. பிந்தி வந்த சின்னப் பிள்ளையள் அதைப் பிரிச்சுப்போட்டினம், உருள் எண்டு ஒரு சைகை, கீழ போ எண்டு இன்னொரு சைகை, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. 2004 இல வந்த முடிவு இது. நடிப்பா இருந்தது சொல்லாப் பிரிஞ்சு வரிசையில நிக்கிறதை மனிசர் கண்ணால கண்ட இடம் அது. நீங்கள் நாடகத்தில ஆதி மனிசற்ற மூளை மெல்ல மெல்லத் திறக்கிறதைக் காட்ட நினைச்சா இந்தக் காட்சியை அப்பிடியே எடுங்கோ, முதல் காட்சியில ஒரு பெரியவர் உருட்டி இறக்கிக் காட்டட்டும், கடைசிக் காட்சியில அவற்ற பேத்தி ரெண்டாப் பிரிச்சுக் காட்டட்டும்.

ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லவேணும். இண்டைக்குக் காது கேளாத ஆக்கள் பாவிக்கிற சைகை மொழியள் இலக்கணம் உள்ள முழு மொழியள், தமிழுக்கு ஒரு பிடி குறைஞ்சதில்லை. அதுகளை ஆதி மனிசன்ர பாசை எண்டு நோட்டீசில எழுதிப்போடாதேங்கோ.

மறைஞ்சு கிடக்கிற செலவு இதில கொஞ்சமில்லை. இருட்டினா கை தெரியாது. மற்றவர் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும், திரும்பி நிண்டா முடிஞ்சுது. கல்லுடைக்கிறவருக்கு ரெண்டு கையும் வேலையில. கோட்பாட்டுப் பக்கம் பெரிய ஓட்டை ஒண்டும் இருக்கு: கையே இவ்வளவு வடிவா மொழி பேச ஏலுமெண்டா ஏன் உலகம் முழுக்க வாய்க்கு மாறினது? மேடையில வாற செலவு வேற, விரல் அசைவு நாலாம் வரிசைக்கு அங்கால தெரியாது, தோளில இருந்து அசைக்கப் பழக்கவேணும். பிள்ளையள் தங்களை அறியாமல் போன் பிடிக்கிற மாதிரி, மணிக்கூடு காட்டுற மாதிரி, பெருவிரலைத் தூக்கி ஓகே எண்டுற மாதிரிக் காட்டிப்போடுங்கள், அதுகளைக் களையவே ஒரு கிழமை வேணும்.

சுட்டு விரலிலயும் கவனம். காட்டில வாழுற சிம்பன்சிகள் ஒண்டுக்கொண்டு, அந்தா பார் எண்டு சும்மா பங்குபோட்டுச் சுட்டிக்காட்டுறது மிக அரிது, மனிசப் பிள்ளை ஒரு வயசிலயே செய்யும், மைக்கல் தொமசெல்லோ எண்ட உளவியலாளர் இதை வச்சுத்தான் மனிசத் தொடர்பு எங்க தொடங்கினது எண்டு விளக்குறார். எனவே நாடகத்தில முதல் தடவை ஒருத்தர் இன்னொருத்தருக்காக நிலாவையோ பறவையையோ சுட்டிக்காட்டுறது ஒரு பெரிய நிகழ்ச்சி. அதை நடுமேடையில வையுங்கோ, தொட்டதுக்கெல்லாம் விரல் நீட்டிச் சாகடிக்காதேங்கோ.

எப்ப இது நல்லம்: கல்லுப் பழக்கிற காட்சி, சத்தமில்லாமல் வேட்டைக்குப் பதுங்கிற காட்சி, சின்ன மண்டபம், நல்ல லைட்.

தெரிவு 2: குரல்

குரல் எண்டவுடன வெறும் உறுமல் எண்டு நினைக்கிறதுதான் பிழை. கென்யாவில அம்போசெலியில வேர்வெட் குரங்குகளைப் பாத்து 1980 இல சைஃபாத், செனி, மார்லர் எழுதினது இண்டைக்கும் நிக்குது. சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒண்டு, பாம்புக்கு ஒண்டு. பதிவு செய்து ஸ்பீக்கரில போட்டாலே சிறுத்தைச் சத்தத்துக்கு மரத்தில ஏறுதுகள், கழுகுச் சத்தத்துக்கு மேல பாக்குதுகள், பாம்புச் சத்தத்துக்கு நிமிந்து நிண்டு நிலத்தைப் பாக்குதுகள். குட்டியள் முதல்ல விழுற இலைக்கும் கழுகுச் சத்தம் போடுங்கள், வளர வளரத்தான் சரிக்கட்டும்.

எங்கட நாட்டிலயும் இருக்கு. பொலன்னறுவையில செங்குரங்குகளை 1960களின்ர கடைசியில இருந்து பாத்துவாற வொல்ஃப்காங் டிட்டஸ் 1984 இல எழுதினவர், அதுகள் நல்ல சாப்பாடு கனக்கக் கிடக்கிற இடத்தைக் கண்டா அதுக்கெண்டு ஒரு சத்தம் போடுதுகள், கேட்ட மற்றதுகள் ஓடி வருதுகள் எண்டு. தாய் (Taï) தேசியப் பூங்கா எண்டு ஐவரி கோஸ்டில இருக்கிற காட்டில சிம்பன்சிகள் சத்தங்களைச் சேத்துச் சேத்து 390 விதமான வரிசை போடுறதாக 2022 இல வந்தது. 2025 இல பொனொபோக்கள் ரெண்டு சத்தத்தைச் சேத்து அர்த்தத்தையும் சேக்கிறதைக் கொங்கோவில கண்டுபிடிச்சவை.

மனிசரிலயும் சோதிச்சுப் பாத்திருக்கினம். சொல்லே பாவிக்காமல் வெறும் குரலால நெருப்பு, பாம்பு, தண்ணி, நித்திரை மாதிரி 30 விசயத்தைச் சொல்ல வச்சு, 25 மொழி பேசுற ஆக்களுக்குப் போட்டுக் காட்டினா எல்லா மொழிக்காரரும் குருட்டுவாக்குக்கு மேலயே விளங்கியிருக்கினம், 2021 இல வந்தது. அதுக்கு முதல் 1929 இல வொல்ஃப்காங் கோலர் தொடக்கின ஒரு சோதினையை 2001 இல வி. எஸ். இராமச்சந்திரனும் ஹபார்டும் அமெரிக்க மாணவரிட்டயும் தமிழ் பேசுறவையிட்டயும் செய்து பாத்தவை: முள்ளு முள்ளான வடிவம் ஒண்டு, உருண்டு திரண்ட வடிவம் ஒண்டு, எது பூபா எது கிக்கி? நூற்றுக்குத் தொண்ணூற்றைஞ்சுக்குக் குறையாமல் முள்ளு வடிவத்தைக் கிக்கி எண்டவை. சத்தத்துக்குள்ளயே ஒரு வடிவம் கிடக்கு.

எலும்புப் பக்கம்: இஸ்ரேலில கெபாரா குகையில 1983 இல எடுத்த நியண்டர்தால் (எங்களுக்குக் கிட்டின, அழிஞ்சுபோன மனிச இனம்) எலும்புக்கூட்டில நாக்கைத் தாங்கிற நாவடி எலும்பு கிடைச்சது, வயசு 60,000 வருசம், எங்கட எலும்பை ஒத்தது. எதியோப்பியாவில டிக்கிகாவில எடுத்த 33 லட்சம் வருசத்துப் பிள்ளையின்ர நாவடி எலும்பு குரங்கின்ர மாதிரி. இடையில ஏதோ மாறியிருக்கு. ஆனா 2016 இல ஃபிற்ச் எண்ட விஞ்ஞானியின்ர குழு ஒரு மக்காக் குரங்கின்ர தொண்டையை எக்ஸ்ரேயில படம் பிடிச்சுக் கணக்குப் போட்டு, அந்தத் தொண்டையாலயே விளங்கிற மாதிரி உயிரெழுத்துச் சத்தங்கள் எழுப்ப ஏலும் எண்டு காட்டினவை. அப்ப குறை தொண்டையில இல்லை, அதை ஆட்டிவைக்கிற மூளையில.

அதுதான் இந்தத் தெரிவின்ர மறைஞ்ச செலவும். குரங்கின்ர சத்தம் அநேகமா உணர்ச்சியோட கட்டுப்பட்டது, நினைச்ச நேரம் எழுப்பவும் அடக்கவும் கஸ்டம். சாப்பாட்டைக் கண்டவுடன வந்த சத்தத்தை அடக்கேலாமல் ஒரு சிம்பன்சி கையால வாயைப் பொத்தினதைச் சிம்பன்சிகளை ஆராய்ஞ்ச ஜேன் குடால் எழுதியிருக்கிறா. முழுக்கக் கட்டுப்பாடே இல்லை எண்டும் சொல்லேலாது, புடொங்கோவில பாம்புப் பொம்மையை வழியில வச்சுப் பாத்தபோது, ஆபத்துத் தெரியாத கூட்டாளி கிட்ட வரேக்க அதுகள் கூடச் சத்தம் போட்டிருக்கு. மற்றது, நீங்கள் கூப்பிடுறது சிறுத்தைக்கும் கேக்கும்.

மேடையில இதின்ர செலவு சனம் சிரிக்கிறது. ஒரு பெடியன் உறுமினா முன்வரிசையில சின்னாக்கள் சிரிக்கத் தொடங்குங்கள், பிறகு அந்தக் காட்சியை மீட்கேலாது. தொண்டையும் கட்டும், போட்டிக்கு முதல் நாள் குரல் போய் நிக்கிற பிள்ளையளை நான் பாத்திருக்கிறன். இதுக்கு நான் சொல்லுற வழி, வேர்வெட் குரங்கிட்ட இருந்தே எடுத்தது: நாடகம் முழுக்க மூண்டே மூண்டு சத்தம் வையுங்கோ, மேலயிருந்து ஆபத்து, நிலத்தில ஆபத்து, சாப்பாடு. முதல் காட்சியில ஒவ்வொண்டையும் செயலோட சேத்து ரெண்டு தரம் காட்டுங்கோ. பிறகு லைட்டை முழுக்க நூத்துப்போட்டு அந்த நிலத்து ஆபத்துச் சத்தத்தை மட்டும் எழுப்பினா மண்டபத்தில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் விளங்கும், ஒரு சொல்லும் இல்லாமல் சனம் அந்த ஆக்களின்ர பாசையைப் பழகியிருக்கும்.

எப்ப இது நல்லம்: இரவு, காடு, தூரம், பெரிய மண்டபம், மைக் இல்லாத திறந்த வெளி.

தெரிவு 3: பாட்டும் தாளமும்

டார்வின் 1871 இல எழுதினது, கிப்பன் குரங்குகள் சோடியாப் பாடுறதைப் போல மனிசற்ற முன்னோரும் முதல்ல இராகம் மாதிரி ஒண்டைத்தான் பாவிச்சிருக்கலாம், சொல் பிறகு வந்தது எண்டு. டீன் ஃபோல்க் எண்ட மானிடவியலாளர் தாய் பிள்ளைப் பக்கத்தால வாறா: மனிசக் குழந்தை தாயின்ர மயிரைப் பிடிச்சுத் தொங்கேலாது, தாய் கிழங்கு கிண்ட நிலத்தில இறக்கி வைக்கவேணும், அப்ப தொடுறதுக்குப் பதிலா குரலால, நான் இஞ்சதான் நிக்கிறன் எண்டு தடவிக்கொண்டே இருக்கவேணும். எந்த ஊரிலயும் குழந்தையோட கதைக்கேக்க குரல் உயந்து இழுபடுறது இதுக்குப் பொருந்துது. 2018 இல 60 நாட்டு ஆக்களுக்குத் தெரியாத சமூகங்களின்ர பாட்டுகளைப் போட்டுக் காட்டினா, தாலாட்டு எது ஆட்டப்பாட்டு எது எண்டு சொல்லு விளங்காமலே கண்டுபிடிச்சவை, காதல் பாட்டைத்தான் அவ்வளவு பிடிபடேல்லை.

கூட்டமா ஒரு வேலை செய்யவும் தாளம் வேணும். எங்கட கரையில கரைவலை இழுக்கேக்க அம்பா பாடுறதை நினைச்சுப் பாருங்கோ, ஏலேலோவில அர்த்தம் ஒண்டும் இல்லை, ஆனா அத்தினை பேரின்ர கையும் ஒரே நேரத்தில இழுக்குது. ஆதிக் கூட்டம் ஒரு செத்த யானையின்ர தொடையை இழுத்ததும் அப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு என்ர மனசு சொல்லுது.

செலவு என்னெண்டா இது என் மூண்டாவது அளவுகோலில அடியோட விழுந்துபோகுது. மலைக்கு அங்கால மான் நிக்குது எண்டு இராகத்தால சொல்லேலாது. ஜெர்மனிக் குகையளில கிடைச்ச எலும்புப் புல்லாங்குழலுகளைக் காட்டிச் சிலபேர் வாதிடுவினம், அதுகளுக்கு வயசு 40,000 வருசம் அளவுதான், அந்த நேரம் மனிசர் நல்லாக் கதைச்சுக்கொண்டிருந்தவை, அது இந்தக் கேள்விக்கு உதவாது. மேடையிலயும் ஆபத்து இருக்கு, மிருதங்கம் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு குழுவில இருந்தாக் காணும், ஆதி மனிசர் ஆதி தாளத்தில ஆடத் தொடங்கிடுவினம், நாடகம் நடன நிகழ்ச்சியா மாறிடும். கல்லு, தடி, கைதட்டு, மார்பில தட்டுறது, இதுக்கு மேல வாத்தியம் வேண்டாம்.

எப்ப இது நல்லம்: குழந்தை வாற காட்சி, சாவு, கூட்டமாப் பாரம் இழுக்கிற இடம்.

தெரிவு 4: எல்லாம் கலந்தது

இப்ப ஆராய்ச்சிக்காரரில கனபேர் இந்தப் பக்கம்தான் சாயினம். சிம்பன்சியே கையையும் குரலையும் முகத்தையும் சேத்துத்தான் பாவிக்குது. மக்காக் குரங்குகள் நட்புக்கு உதட்டைச் சப்புற வேகம் செக்கனுக்கு அஞ்சு தடவை அளவு, நாங்கள் கதைக்கேக்க வாய் அசையுற வேகமும் அதுக்குக் கிட்ட. நாங்கள் போனில கதைக்கேக்கயும் கையை ஆட்டுறம். பிறப்பிலயே பார்வை இல்லாத ஆக்கள், பார்வை இல்லாத இன்னொருத்தரோட கதைக்கேக்கயும் கையை அசைச்சதை 1998 இல ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் காட்டினவை. கையும் வாயும் மூளைக்குள்ள அவ்வளவு கிட்ட.

ஆனா கோட்பாடா எடுத்தா இதில ஒரு சோம்பல் இருக்கு. எல்லாம் சேந்துதான் எண்டு சொல்லிட்டா எது எதுக்கு எண்டு சொல்லவேண்டியதில்லாமல் போகுது, விவாதத்தில நடுவர் அதைத்தான் பிடிப்பார். மேடையிலயும் அதே குறை, எல்லாரும் ஒரே நேரத்தில கையையும் ஆட்டிக் கத்தியும் ஆடியும் நிண்டா பாக்கிறவருக்குக் கண்ணை எங்க வைக்கிறது எண்டு தெரியாது. ஒத்திகையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒரு சட்டம் போட்டாத்தான் இது சரிவரும்: ஒரு நேரத்தில ஒருத்தர்தான் சேதி சொல்லுறது, அவருக்குக் கை முதல், குரல் அதுக்குத் துணை.

| | கை | குரல் | பாட்டு, தாளம் | கலந்தது |
|---|---|---|---|---|
| ஆதாரம் | கனக்க இருக்கு | கனக்க, ஆனா கட்டுப்பாடு குறைவு | தாய் பிள்ளை விசயத்தில பலம் | கனக்க |
| இருட்டு, தூரம் | விழும் | மிக நல்லம் | நல்லம் | நல்லம் |
| கை வேலையில இருந்தா | விழும் | ஏலும் | ஏலும் | ஏலும் |
| இல்லாததைச் சொல்ல | நடிச்சுக் காட்டலாம் | கொஞ்சம் | ஏலாது | ஏலும் |
| பேச்சுக்குப் பாதை | ஏன் மாறினது எண்ட கேள்வி | நேர்ப்பாதை | சொல் எங்கயிருந்து வந்தது எண்ட கேள்வி | இருக்கு |
| ஒத்திகை | நடுத்தரம் | குறைவு, தொண்டை கவனம் | குறைவு | கூட |

என்ர முடிவு, ஆருக்கு எது

நாடகம் எண்டா கையை முதுகெலும்பா வையுங்கோ, அதோட மூண்டு சத்தம், குழந்தைக்கும் சாவுக்கும் மட்டும் இராகம். இது நாலாவது தெரிவுதான், ஆனா அளந்து போட்டது. கல்லுப் பழக்கிற காட்சியைக் கட்டாயம் வையுங்கோ. 2015 இல 184 பேரை வச்சு ஒரு பரிசோதனை செய்தவை, 6000 இற்கு மேல கல் சில்லு உடைச்சுப் பாத்தது. செய்யிறதை வெறுமனப் பாத்தவை பெரிசா முன்னேறேல்லை, சைகையால பழகினவை முன்னேறினவை, வாயால சொல்லிக் குடுத்துப் பழகினவை அவையையும் விட முன்னேறினவை. கல்லைப் பிடிக்கிற கோணத்தை ஆச்சி பேரன்ர மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டட்டும், அடி பிழைச்சா ஒரு சின்னத் தொண்டைச் சத்தம், சரிவந்தா வேற ஒண்டு. கையும் வாயும் எங்க சந்திச்சிருக்கும் எண்டு சனத்துக்கு அந்த இடத்தில விளங்கும்.

நாள் குறைவு, பிள்ளையள் சின்னாக்கள் எண்டா குரலை மட்டும் எடுங்கோ, மூண்டு சத்தத்தோட பத்து நிமிச நாடகம் வடிவா வரும்.

விவாதத்துக்கு நான் எண்டா கைப் பக்கத்தை எடுப்பன். எதிரணி ஏன் வாய்க்கு மாறினது எண்டு கட்டாயம் கேக்கும், பதிலை இப்பவே எழுதி வையுங்கோ: கருவி கூடக்கூடக் கை நிரம்பிச்சுது, நெருப்பு வந்து இரவு நீண்டுது. இஸ்ரேலில கெஷர் பெனொட் யாகோவில நெருப்புப் பாவிச்ச தடயத்துக்கு வயசு 7 லட்சத்து 90 ஆயிரம் வருசம். நெருப்பைச் சுத்தி இருக்கிற ஆக்களுக்கு முன்னால இருக்கிறவற்ற கை தெரியும், பின்னால நிக்கிறவற்ற கை தெரியாது, குரல் கேக்கும்.

கண்காட்சி மேசைக்குக் குரல்தான் சுகம். ரெண்டு கார்ட்டில முள்ளு வடிவமும் உருண்டை வடிவமும் வரைஞ்சு வச்சு வாற ஆக்களிட்டப் பூபா, கிக்கி கேளுங்கோ, ஒவ்வொரு விடைக்கும் ஒரு புளியங்கொட்டையைப் போத்தலில போடச் சொல்லுங்கோ, பின்னேரம் ஆகேக்க ஒரு போத்தல் நிரம்பியிருக்கும். பக்கத்தில ஒரு ஆளை நிறுத்தி, வாய் திறக்காமல் பாம்பு எண்டு சொல்ல எத்தினை செக்கன், வாயால சொல்லில்லாமல் எத்தினை செக்கன் எண்டு நேரம் பிடிக்கலாம்.

கடைசியா ஒரு நடைமுறை விசயம். சைகைக் காட்சியைப் பழக்கி முடிச்சவுடன, மேடையேற்ற முதல், காது கேளாத ஆக்களுக்குப் போட்டுக் காட்டுங்கோ. கைதடியில செவிப்புலன் இல்லாத பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கு, அதிபரிட்ட முறைப்படி கேட்டு, அவைக்குச் சரிவாற நேரத்தில, அவையை விமர்சகரா மதிச்சுக் கூப்பிடவேணும். எந்தச் சைகை தெளிவில்லை, எங்க உடம்பு ஒண்டு சொல்லக் கை வேற சொல்லுது எண்டு எங்களை விட அவைதான் கெதியாப் பிடிப்பினம், அவை சொன்னதைக் கேட்டு மாத்த ரெண்டு ஒத்திகையாவது மிச்சம் வச்சுக்கொண்டு போங்கோ.